சாவியை விற்றவர் யார்?

பூட்டு என்பது திருடனுக்காக ஏற்பட்டதன்று, நல்லவன் நல்லவனாகவே இருப்பதற்காக ஏற்பட்டது என்று பெரியவர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வீட்டுக் கதவைப் பொறுத்த வரையில் அது மெய்யாக இருக்கலாம். ஆனால் ஆகாயத்துக்கே பூட்டுப் போட வேண்டிய அவசியம் நேர்ந்தால் என்ன செய்வது? பூட்டியவர் ஒருவர், சாவி வைத்திருப்பவரோ பத்து லட்சம் பேர். அவர்களில் ஒருவர் மட்டும் தம் சாவிக்குப் பிரதி எடுத்து ஊரெல்லாம் விற்றுவிட்டார். அந்த ஒருவரைக் கண்டுபிடிப்பது எங்ஙனம்?

விளையாட்டுப் புதிர்போல் தோன்றும் இந்தக் கேள்வி, இன்று நம் கூடத்தில் இருக்கும் டெலிவிஷனுக்கு அடியில், செட்டாப் பாக்ஸ் என்னும் சிறு கறுப்புப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் அந்தப் பெட்டி இல்லாத தெரு அரிது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள வாடகை அறைகளில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள் தங்கியிருக்கிறார்கள். வடக்கே சிறிது தூரம் சென்றால் ஆரம்பாக்கம். அதைத் தாண்டினால் ஆந்திர தேசம். தமிழ், தெலுங்கு, ஹிந்தி, ஒடியா எல்லாம் ஒரே கம்பியில் ஓடிவருகின்றன. அந்தக் கம்பியில் ஓடுவது என்ன, அதைப் பூட்டியிருப்பது எவ்விதம் என்பதைச் சற்று விசாரிப்போம்.

ஆகாயத்துப் பூட்டு

முற்காலத்து ரேடியோவுக்குப் பூட்டுக் கிடையாது. தபாலாபீசில் லைசென்ஸ் பணம் கட்டினவர் வீட்டிலும் கட்டாதவர் வீட்டிலும் நாதஸ்வரம் ஒரே மாதிரிதான் ஒலித்தது. இன்றும் தூர்தர்ஷன் ஸ்தாபனம் 2004 டிசம்பரில் தொடங்கிய டிஷ் சேவைக்கு மாதச் சந்தா இல்லை. அங்கே விற்பதற்குச் சாவியும் இல்லை, விற்பவரைத் தேடும் தொல்லையும் இல்லை.

சந்தா வாங்கும் சானல்களின் கதை வேறு. படத்தையும் ஒலியையும் எண்களாக்கி, அந்த எண்களை ஒரு இரகசியச் சாவியினால் கலைத்துவிட்டுத்தான் அவர்கள் அனுப்புகிறார்கள். சாவி இல்லாத பெட்டியில் கறுப்புத் திரைதான் தெரியும். படத்தைக் கலைக்கும் இந்தச் சாவியும் நிலையானதன்று; சில விநாடிகளுக்கு ஒரு முறை மாறிக்கொண்டே இருக்கும். மாறும் அந்தச் சாவியை மீண்டும் ஒரு பூட்டுக்குள் வைத்து, நிகழ்ச்சியோடு சேர்த்தே அனுப்புவார்கள். சந்தா கட்டிய வீட்டுப் பெட்டியில் நிரந்தரமாகப் பதிந்திருக்கும் சாவி இந்த இரண்டாவது பூட்டைத் திறக்கும். சாவிக்குள் சாவி என்று சொல்லலாம்.

நம் நாட்டில் இந்த ஏற்பாட்டை முதன்முதலில் நடத்திப் பார்த்த நகரம் சென்னைதான். 2003 செப்டம்பர் 1-ந் தேதி சந்தா சானல்களுக்குப் பெட்டி வேண்டும் என்ற விதி அமலுக்கு வந்தபோது, டில்லியும் பம்பாயும் கல்கத்தாவும் தயங்கி நின்றன. சென்னை மட்டுமே அதை ஏற்று நடத்தியது. 2011-ல் கேபிள் டெலிவிஷன் சட்டம் திருத்தப்பட்டது. அதன்பின் நாடு முழுவதும் படிப்படியாகப் பெட்டி வந்தது. 2017-ல் கிராமங்களுக்குக் கெடு முடிந்தது. அவ்வாண்டிலேயே தமிழ்நாடு அரசு கேபிள் டி.வி. கார்ப்பரேஷன் தன் சந்தாதாரர்களுக்கு விலையின்றிப் பெட்டிகளை வழங்கத் தொடங்கிற்று.

ஒரு சாவியா, லட்சம் சாவியா?

எல்லா வீட்டுக்கும் ஒரே சாவியைக் கொடுத்துவிட்டால் கம்பெனிக்கு வேலை சுலபம். ஆனால் அந்தச் சாவி ஒருநாள் கள்ளச் சந்தையில் வந்துவிட்டால், அது யாருடையது என்று பிரம்மதேவனாலும் சொல்ல முடியாது. எல்லாருடைய சாவியும் அதுதானே!

அப்படியானால் வீட்டுக்கு ஒரு தனிச் சாவி கொடுக்கலாமா? கொடுக்கலாம், களவு போனது எந்த வீட்டுச் சாவி என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். ஆனால் பத்து லட்சம் வீடுகள் இருந்தால், நிகழ்ச்சியின் சாவியைப் பத்து லட்சம் தடவை தனித்தனியே பூட்டி அனுப்ப வேண்டும். கல்யாணத்தை விடப் பந்தல் பெரிதாகிவிடும்.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டா என்று ஆராய்ந்தவர்கள் பென்னி சோர், அமோஸ் ஃபியட், மோனி நாவோர் என்ற மூன்று கணித அறிஞர்கள். 1994-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரைதான் இத்துறைக்குப் பிள்ளையார் சுழி. அதன் கருத்தைப் பள்ளிக்கூடத்துக் கரும்பலகைக் கணக்காகவே சொல்லிவிடலாம்.

இருபது வரிசைகள் போடுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் கறுப்புச் சாவி ஒன்று, வெள்ளைச் சாவி ஒன்று. ஆக மொத்தம் 40 சாவிகள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு வரிசையிலிருந்தும் ஏதேனும் ஒரு சாவி வீதம் 20 சாவிகளைக் கொடுங்கள். இரண்டை இருபது முறை பெருக்கினால் 10,48,576 வருகிறது. அதாவது, பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்கு ஒன்றைப்போல் மற்றொன்று இல்லாத சாவிக்கொத்துகளைக் கொடுத்துவிடலாம்! நிகழ்ச்சியின் சாவியை 20 துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டையும் அந்தந்த வரிசையின் கறுப்புச் சாவியால் ஒரு முறையும் வெள்ளைச் சாவியால் ஒரு முறையும் பூட்டி அனுப்பினால் போதும். பத்து லட்சம் பூட்டுகள் செய்ய வேண்டிய இடத்தில் நாற்பது பூட்டுகள். கள்ளப் பெட்டி ஒன்று அகப்பட்டால், அதிலுள்ள 20 சாவிகளின் நிறத்தைப் படித்து, அது எந்த வீட்டுக் கொத்து என்று சொல்லிவிடலாம்.

நிரபராதியின் தலையில் பழி

பிரமாதமான யோசனை என்று வாசகர்கள் நினைக்கலாம். ஆனால் இதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. அதைக் கண்டு அதற்கு மாற்றும் சொன்னதில்தான் அந்த மூவரின் பெருமை அடங்கியிருக்கிறது.

இரண்டே வரிசைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் வீட்டுக்காரரிடம் இரண்டும் கறுப்பு. இரண்டாம் வீட்டுக்காரரிடம் இரண்டும் வெள்ளை. இவ்விருவரும் கூட்டுச் சேர்ந்து, முதல் வரிசைக்குக் கறுப்பையும் இரண்டாம் வரிசைக்கு வெள்ளையையும் எடுத்து ஒரு கள்ளப் பெட்டி செய்து விற்கிறார்கள். பெட்டி பிடிபடுகிறது. சாவிகளைப் பார்த்தால் 'கறுப்பு, வெள்ளை' என்று இருக்கிறது. அது மூன்றாம் வீட்டுக்காரருடைய கொத்து! அவரோ ஒரு பாவமும் அறியாதவர். குற்றம் செய்தவர்கள் இருவர் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்க, போலீஸ் ஜீப் மூன்றாவது வீட்டு வாசலில் வந்து நிற்கும்.

இதைத் தடுக்க அறிஞர்கள் சொன்ன உபாயம் இது: வரிசைகளை ஏராளமாக்கு, வரிசையில் நிறங்களையும் அதிகமாக்கு, எந்த வீட்டுக்கு எந்த நிறம் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுத் தீர்மானி. மேற்சொன்ன பத்து லட்சம் வீடுகளில் இருவர் வரையில் கூட்டுச் சேரலாம் என்று எதிர்பார்த்தால், அவர்கள் கணக்குப்படி 320 வரிசைகளும் வரிசைக்கு 8 நிறங்களும் வேண்டும். அனுப்ப வேண்டிய பூட்டுகள் 2,560. இருவர் சேர்ந்து 320 சாவிகளை நிரப்ப வேண்டுமென்றால், அவர்களில் ஒருவராவது 160 சாவிகளுக்குக் குறையாமல் கொடுத்தே தீர வேண்டும். சம்பந்தமில்லாத மற்றொருவருடைய கொத்தோடு அந்தக் கள்ளப் பெட்டியை ஒப்பிட்டால், எட்டில் ஒன்று வீதம், சராசரி 40 சாவிகள்தான் தற்செயலாக ஒத்துப்போகும். நாற்பது எங்கே, நூற்றறுபது எங்கே! குற்றவாளியும் நிரபராதியும் மலையும் மடுவும்போல் பிரிந்து நிற்பார்கள்.

ஆனால் கூட்டாளிகள் பெருகினால் செலவும் ஏறிவிடுகிறது. இருவருக்குப் பதிலாகப் பத்துப்பேர் சேரக்கூடும் என்று கொண்டால், இதே முறையில் 8,000 வரிசைகளும் வரிசைக்கு 200 நிறங்களும் வேண்டும். பூட்டுகள் 16 லட்சம். வீட்டுக்கு ஒரு பூட்டுப் போடுவதைவிட இது அதிகம்! ஆகவே அக்கட்டுரையிலேயே இதைவிடச் சிக்கனமான அடுக்கு முறைகளையும் ஆசிரியர்கள் சொன்னார்கள். 1999-ல் டான் போனே, மாத்யூ ஃபிராங்க்ளின் என்ற இருவர் வேறொரு வழி கண்டார்கள். அதற்குப் பின்னும் ஆராய்ச்சி ஓயவில்லை.

இந்த ஆராய்ச்சியில் நம் நாட்டின் பங்கும் உண்டு என்பதைச் சொல்வதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி. கிண்டிக்கு அருகே உள்ள சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சி. பாண்டுரங்கனும் அவருடைய மாணவர் அரவிந்த் நாராயணனும் கொரிய நாட்டுப் பேராசிரியர் குவாங்ஜோ கிம்முடன் சேர்ந்து, சந்தா டெலிவிஷனுக்கு நடைமுறையில் உதவக்கூடிய முறைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அது 2003 ஜூலையில் ஆஸ்திரேலியாவில் நடந்த மகாநாட்டில் வெளியாயிற்று. அடுத்த செப்டம்பரில்தான் சென்னை வீடுகளுக்குப் பெட்டி வந்தது.

சாவியை விட்டுப் படத்தைத் திருடினால்?

கள்ளர்களும் சும்மா இருப்பவர்கள் அல்லர். தம் வீட்டு நிரந்தரச் சாவியை விற்றால் பிடிபடுவோம் என்று தெரிந்ததும், அவர்கள் வேறு வழி தேடினார்கள். சில விநாடிகளுக்கு ஒரு முறை மாறும் அந்தச் சிறு சாவி இருக்கிறதே, அது எல்லா வீட்டுக்கும் பொதுவானது. தம் பெட்டி திறந்தெடுக்கும் சிறு சாவிகளை மட்டும் இண்டர்நெட் வழியாகப் பிறருக்கு அனுப்பிக்கொண்டே இருந்தால், அதில் எந்த வீட்டு அடையாளமும் இராது. இன்னும் சிலர் சாவியைத் தொடுவதே இல்லை; பூட்டுத் திறந்து வெளிவந்த படத்தையே பிடித்து மறு ஒளிபரப்புச் செய்துவிடுகிறார்கள்.

இதற்கு மாற்று, படத்திலேயே அடையாளம் இடுவதுதான். உபாத்தியாயர் தொழிலில் உள்ளவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வினாத்தாள் முன்கூட்டி வெளியாகிவிடும் என்ற பயம் இருந்தால், ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் செல்லும் கட்டில் ஏதேனும் ஓரிடத்தில் ஒரு புள்ளியையோ இடைவெளியையோ மாற்றி அச்சிட்டு விடலாம். வெளியான பிரதி கையில் கிடைத்ததும், அது எந்தக் கட்டைச் சேர்ந்தது என்று புள்ளியே சொல்லிவிடும்.

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2017 மார்ச் மாதத்தில் வெளியிட்ட விதிகளில் இந்த ஏற்பாடு கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. படம் பார்த்துக்கொண்டிருக்கும்போது திரையில் ஏதோ ஒரு மூலையில் நீண்ட எண் ஒன்று தோன்றி மறைவதை வாசகர்கள் கண்டிருப்பார்கள். அது கோளாறன்று, அந்தப் பெட்டியின் எண். தோன்றும் இடம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். ரிமோட்டில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அது மறையக் கூடாது. கண்ணுக்குத் தெரியும் குறியோடு கண்ணுக்குப் புலப்படாத குறியும் இருக்க வேண்டும். களவில் ஈடுபட்ட பெட்டியின் எண்ணைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்து, அது மீண்டும் எங்கும் உபயோகத்துக்கு வராமல் தடுக்க வேண்டும். யந்திரத்தின் நடவடிக்கைக் குறிப்புகள் இரண்டு வருஷத்துக்கு அழியாமல் இருக்க வேண்டும் என்றெல்லாம் அவ்விதிகள் கூறுகின்றன.

சினிமாக் கொட்டகையிலும் இதே வித்தைதான். உலகப் பெரும் ஸ்டூடியோக்கள் 2005-ல் வகுத்த டிஜிட்டல் சினிமா விதிகளின்படி, படத்தின் ஒவ்வோர் ஐந்து நிமிஷப் பகுதியிலும் கண்ணுக்குத் தெரியாத 35 இலக்கக் குறி பதிந்திருக்க வேண்டும். அந்த இலக்கங்கள் சுழியும் ஒன்றும் மட்டுமே. அவற்றில் 16 இலக்கங்கள் திரையிட்ட காலத்தையும், 19 இலக்கங்கள் திரையிட்ட யந்திரத்தையும் குறிப்பவை. யாரோ செல்போனில் பிடித்த மங்கலான பிரதியிலிருந்தும் 'இந்தக் கொட்டகை, இந்த நாள், இந்தக் கால் மணி' என்று படித்துவிடலாம். 2024 அக்டோபரில் ஒரு மலையாளப் படத்தைத் திருட்டுத்தனமாகப் படம் பிடித்ததாகக் கொச்சி போலீசார் பெங்களூரில் இருவரைக் கைது செய்தார்கள். படம் பிடித்த இடம் கோயம்புத்தூர்க் கொட்டகை ஒன்று என்று விசாரணையில் தெரியவந்தது. 2023-ல் திருத்தப்பட்ட சினிமாச் சட்டத்தின்படி இத்தகைய குற்றத்துக்கு மூன்று மாதத்திலிருந்து மூன்று வருஷம் வரை சிறைவாசம் உண்டு. டிஜிட்டல் பூட்டை உடைப்பதற்குக் காப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்த்த 65-ஏ பிரிவு இரண்டு வருஷம் வரை தண்டனை விதிக்கிறது.

சாவியைச் செல்லாக்காசாக்குதல்

திருடனைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. வெளியே போன சாவியைப் பயனற்றதாக்கவும் வேண்டும். 2001 ஜனவரி 21-ந் தேதி அமெரிக்காவில் டைரக் டி.வி. கம்பெனி ஆகாய வழியாகவே ஓர் உத்தரவு அனுப்பிக் கள்ளக் கார்டுகளை ஒரே சமயத்தில் செயலிழக்கச் செய்தது. நாடே எதிர்பார்த்திருந்த கால்பந்து இறுதி ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் அது நடந்ததால், கள்ளக் கார்டு வைத்திருந்தவர்கள் அந்த நாளைக் 'கறுப்பு ஞாயிறு' என்றே அழைத்தார்கள்.

2007-ல் உயர்தர சினிமாத் தட்டுகளைத் திறக்கும் சாவிகள் வின் டி.வி.டி. என்ற கம்ப்யூட்டர் மென்பொருளிலிருந்து வெளியாகிவிட்டன. தட்டு வெளியிடுவோர் அந்தச் சாவியை நீக்கிவிட்டுப் புதிய தட்டுகளை அச்சிட்டார்கள். மென்பொருளைப் புதுப்பித்துக்கொள்ளாதவர்கள், காசு கொடுத்து வாங்கிய நேர்மையாளர்களாக இருந்தாலும், புதிய படங்களைப் பார்க்க முடியாமல் போயிற்று. ஒருவர் செய்த குற்றத்துக்குப் பலர் சிரமப்பட்டார்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

பெட்டி வேறு, மனிதர் வேறு

இத்தனை கணிதமும் கடைசியில் சுட்டிக்காட்டுவது எதை? ஒரு பெட்டியின் எண்ணை. மனிதரை அன்று. இதை நாம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கும்மிடிப்பூண்டியில் வாடகை அறைகள் பத்து, பன்னிரண்டு உள்ள ஒரு கட்டடத்தை மனத்தில் கொள்ளுங்கள். பெட்டிகள் எல்லாம் வீட்டுச் சொந்தக்காரர் பெயரில் இருக்கின்றன. ஓர் அறையில் நான்கு தொழிலாளர்கள். ஒருவர் பகல் ஷிப்டு, மற்றொருவர் இரவு ஷிப்டு. ஆறு மாதத்தில் அவர்கள் போய் வேறு நால்வர் வருகிறார்கள். பெட்டி மட்டும் அங்கேயே இருக்கிறது. பழுதானால் கேபிள்காரர் வேறொரு வீட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போகிறார். புத்தகத்தில் பெயர் மாற்ற மறந்துவிடுகிறார். ஒருநாள் அந்தப் பெட்டியின் எண் ஒரு கள்ள ஒளிபரப்பில் காணப்பட்டால், யாரைக் கூப்பிடுவது? சொந்தக்காரரையா, இன்றைய குடியிருப்பாளரையா, ஊருக்குப் போய்விட்ட பழையவரையா, கேபிள்காரரையா? கணிதம் தன் கடமையைச் சரியாகச் செய்திருக்கும்; ஆனால் பதிவுப் புத்தகம் பொய் சொல்லும். 160-க்கும் 40-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடித்து நிரபராதியைக் காப்பாற்றிய அறிஞர்களின் உழைப்பெல்லாம், ஒரு வரி மாற்றி எழுதாத நோட்டுப் புத்தகத்தினால் வீணாகிவிடும். பாஷை தெரியாத ஊரில் பிழைக்க வந்தவர் தம் பக்கத்து நியாயத்தைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு விஷயம். குற்றவாளி ஒருவரைக் கண்டுபிடிப்பதற்காக எல்லாருடைய படத்திலும் குறி இடுகிறோம். எல்லாருடைய பெட்டியையும் கணக்கில் வைக்கிறோம். அந்தக் கணக்கு வேறு காரியத்துக்குப் பயன்படாது என்பதற்கு உறுதி என்ன? மேலே சொன்ன அரவிந்த் நாராயணனே இதற்குச் சாட்சி. அவரும் விட்டாலி ஷ்மாட்டிகோவும் 2008-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நெட்பிளிக்ஸ் கம்பெனி பெயர்களை நீக்கிவிட்டு வெளியிட்ட சினிமா மதிப்பெண் பட்டியலிலிருந்து ஆட்களை அடையாளம் காண முடியும் என்று காட்டினார்கள். ஒருவர் பார்த்த சில படங்களும் பார்த்த நாட்களும் ஏறக்குறையத் தெரிந்தாலே போதுமாம். ஒருவர் என்ன பார்க்கிறார் என்பது அவர் யார் என்பதைச் சொல்லிவிடுகிறது.

பூட்டும் அதிகாரம் எவர் கையில் இருக்கிறதோ, அவர் கையில் இருட்டாக்கும் அதிகாரமும் இருக்கிறது. 2022 நவம்பரில் அரசு கேபிளின் லட்சக்கணக்கான பெட்டிகள் திடீரென்று படம் காட்டாமல் நின்றுவிட்டன. மென்பொருள் வழங்கிய தனியார் கம்பெனிக்கும் கார்ப்பரேஷனுக்கும் இடையே இருந்த தகராறு அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. சந்தா தவறாமல் கட்டிய குடும்பங்கள் ஒரு குற்றமும் செய்யாமலே திரையிழந்து உட்கார்ந்திருந்தன.

என்ன செய்யலாம்?

களவு களவுதான், அதற்கு நாம் பரிந்து பேசவில்லை. பாட்டெழுதியவருக்கும் படமெடுத்தவருக்கும் நாள் முழுவதும் வெயிலில் கம்பத்தில் ஏறிக் கம்பி இழுப்பவருக்கும் சேர வேண்டிய காசை இடையில் ஒருவர் தட்டிக்கொண்டு போவது தர்மமாகாது. ஆனால் தேடும் முறையும் தர்மத்தோடு இருக்க வேண்டும். பெட்டி கைமாறினால் அன்றே பதிவு மாற வேண்டும். சந்தாதாரர் அதற்கு ரசீது கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். எண் ஒன்றை மட்டும் சாட்சியமாகக் கொண்டு ஒருவரைக் குற்றவாளி என்று தீர்மானிக்கக் கூடாது. அதை விசாரணையின் முதற்படியாகவே கொள்ள வேண்டும். பெட்டியை நிறுத்துவதற்கு முன் காரணம் சொல்லி, பதில் கேட்க வேண்டும். அதுவும் அவருக்குப் புரியும் பாஷையில் கேட்க வேண்டும்.

மேனாட்டுக் கணித அறிஞர்கள் சாவி விற்பவருக்கு இட்ட பெயர் 'துரோகி' என்பது. அந்தச் சொல்லை நம் நாட்டில் நிதானமாகவே உபயோகிக்க வேண்டும். 1942-ல் பம்பாயில் உஷா மேத்தாவும் தோழர்களும் இடம்விட்டு இடம் மாறி இரகசியமாகக் காங்கிரஸ் ரேடியோ நடத்தினார்கள். யந்திர வேலை தெரிந்த ஒருவர் காட்டிக்கொடுத்ததனால் நவம்பரில் பிடிபட்டார்கள். தேசத்தின் குரலை விற்ற அந்தச் செயலுக்குத் துரோகம் என்று பெயர். மாதச் சந்தாவுக்குப் பயந்து பக்கத்து அறைக்காரரிடம் கம்பி வாங்கிய தொழிலாளிக்கும் அதே பெயரைச் சூட்டுவது சொல்லுக்கும் அழகன்று, நமக்கும் அழகன்று. ஆயிரக்கணக்கில் கள்ளப் பெட்டி செய்து விற்கும் வியாபாரியை அவசியம் பிடிக்கட்டும். ஆனால் மூன்றாவது வீட்டு வாசலில் ஜீப் நிற்கும் முன்பு, பதிவுப் புத்தகத்தை ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளட்டும்.